முறுமுறுப்பின் நியாயம்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் நடக்கும் பேச்சை யாராவது எழுதி வைத்தால், பத்துப் பதினைந்து வாரங்களில் ஒரு தமிழ்ச் சபையின் உண்மையான சரித்திரம் கிடைத்துவிடும். பிரசங்கம் நீண்டுவிட்டது, அறிவிப்பு அதைவிட நீண்டுவிட்டது. கீபோர்டு சத்தத்தில் கீர்த்தனையின் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. ஒரே ஆராதனையில் காணிக்கைப் பை மூன்று முறை வந்தது. பாடகர் குழுவில் ஒரே குடும்பத்தார்தான் நிற்கிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்டவருடைய பெயர் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வந்தது. அசனத்துக்கு அரிசி கழுவியவர்களை யாரும் நினைக்கவில்லை. கமிட்டித் தேர்தல் முடிந்து ஆறு மாதமாகியும் இரண்டு சித்தப்பா பிள்ளைகள் பேசிக்கொள்வதில்லை. இதெல்லாம் நீங்கள் அறியாதது அல்ல. உங்களில் பாதிப் பேர் இன்று காலையில்கூட இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பீர்கள்.

இந்த எரிச்சல்களை நாம் இரண்டு விதமாகக் கையாண்டு பழகிவிட்டோம். சிரித்து விட்டுவிடுவது ஒன்று. முறுமுறுப்பு பாவம் என்று வசனம் காட்டி வாயை அடைப்பது இன்னொன்று. இரண்டும் தவறு என்பதே என் வாதம். முறுமுறுப்பு ஒரு சாட்சியம். சபையின் நிர்வாகம் எங்கே பழுதாகிக் கிடக்கிறது என்பதைப் பெரும்பாலும் முதலில் சொல்வது அதுதான். சாட்சியை விசாரிக்க வேண்டும். விசாரித்தபின் அவன் சொன்னது பொய் என்று தெரிந்தால் தள்ளிவிடலாம். விசாரிக்காமல் தள்ள முடியாது. தமிழ்க் கிறிஸ்தவம் இந்த விசாரணையைத் தவிர்த்த இடங்களில் எல்லாம் பின்னால் பெரிய விலை கொடுத்திருக்கிறது. அந்த விலையைப் பற்றிப் பேசுமுன் வேதத்தில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வாயை அடைக்கிறவர்களும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் முறுமுறுப்பில்தான் ஆரம்பமாகிறது. எருசலேமில் சீஷர்கள் பெருகின காலம். நாள்தோறும் நடந்த பந்தி விசாரணையில் தங்கள் விதவைகளுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள், எபிரெயர் மேல் குறை சொன்னார்கள். விஷயம் சோறு, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். பெந்தெகொஸ்தே நாளின் நெருப்பு அணைந்து அதிக காலம் ஆகவில்லை. அப்போஸ்தலர்கள் "இந்த மகிமையான நாட்களில் சோற்றுக்குச் சண்டையா" என்று கடிந்துகொண்டிருக்கலாம். அப்படி ஒரு வார்த்தையும் அங்கே பதிவாகவில்லை. சபையைக் கூட்டினார்கள், பிரச்சினையை வெளிப்படையாக வைத்தார்கள், ஏழு பேரைச் சபையே தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் குறை சொன்னார்களோ, அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியின் பொறுப்பு போயிருக்கிறது என்று பல வேத அறிஞர்கள் கருதுவது இதனால்தான். முறுமுறுத்தவனைக் கமிட்டியிலிருந்து நீக்குகிற நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர். அதற்கு அடுத்த வசனம் என்ன சொல்கிறது? தேவ வசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை பெருகிற்று. நிர்வாகத்தைத் திருத்தியதையும் சுவிசேஷம் வளர்ந்ததையும் லூக்கா அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

இது ஒற்றைச் சம்பவம் என்று ஒதுக்க முடியாது. ஆதிச் சபையின் எழுத்துக்களில் கணிசமான பங்கு அன்றாட எரிச்சல்களுக்குச் சொல்லப்பட்ட தீர்வுகள்தான். கொரிந்துவில் கர்த்தருடைய பந்திக்கு வசதியுள்ளவர்கள் முந்தி வந்து சாப்பிட்டுக் குடித்தார்கள்; வேலை முடிந்து தாமதமாக வந்த ஏழைகள் பசியோடு நின்றார்கள் என்பது அந்தப் பகுதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பவுல் பசித்தவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, முந்தியவனைக் காத்திருக்கச் சொன்னார். அதே நிருபத்தில் பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக என்று எண்ணிக்கை வைக்கிறார். இன்றைய கன்வென்ஷன் மேடைக்கு அப்படியே பொருந்தும் விதி இது. யாக்கோபு, பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுத்த வரவேற்பாளர்களைப் பிடித்து விசாரிக்கிறார். 'பன்னிரண்டு அப்போஸ்தலரின் போதனை' என்று அறியப்படும் மிகப் பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று உண்டு. ஊர் ஊராக வரும் ஊழியக்காரர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி, பணம் கேட்டாலும் அப்படியே என்கிறது அது. யாரோ ஒரு வீட்டுக்காரம்மாள் சமைத்துச் சமைத்து ஓய்ந்துபோய்ச் சொன்ன குறைதான் இப்படி விதியாக மாறியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பேசியபோது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி விழுந்த ஐத்திகுவையும் மறக்க வேண்டாம். லூக்கா அந்த வாலிபனைக் குறை சொல்லவே இல்லை.

இனி எதிர்ப்பக்கத்து வசனங்கள். எல்லாவற்றையும் முறுமுறுப்பில்லாமல் செய்யும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதியிருக்கிறார். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிந்ததைக் கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார். இவை இருக்கின்றன, இவற்றை மழுப்பக் கூடாது. ஆனால் வனாந்தரக் கதையை முழுவதும் வாசிக்க வேண்டும். அப்பம் இல்லை என்று யாத்திராகமம் பதினாறில் ஜனங்கள் முறுமுறுத்தபோது மன்னா வந்தது. எண்ணாகமம் பதினொன்றில் இறைச்சி வேண்டும் என்று அழுதபோது வாதை வந்தது. பசிக்கும் இச்சைக்கும் இடையில் அங்கே ஒரு வேறுபாடு காட்டப்படுகிறது. அதே பதினோராம் அதிகாரத்தில் மோசேயே இந்த ஜனத்தின் பாரத்தைத் தனியே சுமக்க முடியாது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்; அவருக்குத் தண்டனை வரவில்லை, எழுபது மூப்பர்கள் வந்தார்கள். இருபத்தேழாம் அதிகாரம் இன்னும் தெளிவு. செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேயின் முன்பாகவும் தலைவர்களின் முன்பாகவும் நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்றார்கள். அவர்கள் சொல்வது சரி என்று தீர்ப்பு வந்தது, சட்டமே மாறியது. எகிப்துக்குத் திரும்புவோம் என்று கலகம் செய்வதைத்தான் வேதம் கண்டிக்கிறது. பங்கு கேட்பதைக் கண்டிக்கவில்லை.

முறுமுறுப்பைக் கடுமையாகக் கண்டித்த கிறிஸ்தவ ஆசிரியர்களில் ஆறாம் நூற்றாண்டுத் துறவி புனித பெனடிக்ட் முதல் வரிசையில் இருப்பவர். அவருடைய மட ஒழுங்கு நூலில் அந்தக் கண்டனம் திரும்பத் திரும்ப வருகிறது. அதே நூலில், வெயில் காலத்தில் வயல் வேலை அதிகமானால் உண்ணாநோன்பைத் தளர்த்தும்படி மடாதிபதிக்குச் சொல்கிறார். சகோதரர்கள் நியாயமான முறுமுறுப்பு இல்லாமல் வேலை செய்யும்படி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்யச் சொல்கிறார். அந்த ஒரு அடைமொழியை அவர் வேண்டுமென்றே போட்டிருக்கிறார். பந்தி பரிமாறுகிறவர்களுக்கு முன்கூட்டியே கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் மனக்கசப்பில்லாமல் பரிமாறுவார்கள் என்று இன்னோர் இடத்தில் எழுதுகிறார். முக்கியமான காரியம் வந்தால் எல்லாச் சகோதரரையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் சிறந்ததைக் கர்த்தர் இளையவருக்கு வெளிப்படுத்துவதுண்டு என்பதும் அவர் வாக்கு. முறுமுறுக்காதே என்று கீழே இருப்பவனுக்குச் சொன்னவர், முறுமுறுக்க இடம் வைக்காதே என்று மேலே இருப்பவனுக்கும் சொன்னார். நம் பிரசங்கிகள் முதல் பாதியை மட்டும் பிரசங்கிக்கிறார்கள்.

இப்போது நம் ஊர் வரலாற்றுக்கு வருவோம். 1820-களில் தஞ்சாவூர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையில் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் அவைப் புலவர், நாம் இன்றும் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் புதிதாக வந்த மிஷனரிகளோடு மோதினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டையும் பண்டிகை வழக்கங்களையும் பூ அலங்காரத்தையும் ஒடுக்குகிறார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாய் உட்கார வைக்கிறார்கள் என்பவை அவருடைய குறைகள். இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி அவர் முன்வைத்தார். எதிர்த்தரப்பும் ஒரே மூட்டையாகவே நிராகரித்தது. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு உடனே அடியோடு ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் வெளியேறினார்கள். இரு நூற்றாண்டு கழித்து நாம் அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. பாட்டைப் பற்றிய குறை நியாயமானது. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார்; இன்று சாஸ்திரியார் பாட்டு இல்லாத தமிழ்ச் சீர்திருத்தச் சபை அரிது. சாதி இருக்கை பற்றிய குறை அநியாயமானது. அதில் மிஷனரிகள் சரி. அன்றைக்கே உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருந்தால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறுத்திருக்கலாம். பிரித்துப் பார்க்கும் பொறுமை இரு பக்கத்திலும் இல்லை.

அடுத்தது தென் தமிழ்நாட்டு நாசரேத். அங்கே மிஷனரியிடம் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அவரோடு ஏற்பட்ட தகராறில் வேலையிழந்தார். 1849-இல் மிஷனரி கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் அந்தக் காயத்தில் மேலும் குத்தியது. ஐரோப்பியர் எங்களை எப்படி நடத்துகிறார்கள், எங்களைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்ற கேள்விக்கு மிஷன் அமைப்புக்குள் கேட்பார் இல்லை. 1857-இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை பிறந்தது. சனிக்கிழமை ஓய்வுநாள், சாம்பிராணி, சாஷ்டாங்க நமஸ்காரம் என்று அது தனக்கென ஒரு வழிபாட்டை அமைத்துக்கொண்டது. ஐரோப்பியக் குருவும் பணமும் வேண்டாம் என்றது. இந்தியக் கிறிஸ்தவர்கள் தாங்களே நடத்திய சபைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று இப்படி ஓர் உபதேசியாரின் கேட்கப்படாத குறையிலிருந்து எழுந்தது. அதை வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன், பல விதத்தில் அது துணிச்சலான முயற்சி. ஆனால் ஒரு சபையின் முறுமுறுப்புக்கு அதே சபைக்குள் வாசல் இல்லாதபோது அது வேறு கட்டடம் கட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது சான்று என் வாதத்துக்கு ஒரு கடிவாளம். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதியாரைப் பிரித்து உட்காரவைக்கும்படி 1872-இல் இரட்டை நடுக்கூடத்தோடு கட்டடமே எழுப்பப்பட்டது. 1910-இல் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டதும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் உரிமை பறிபோயிற்று என்று நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இவர்களுடையதும் முறுமுறுப்புதான், உண்மையான மனவருத்தம்தான். அதை வைத்து எல்லா முறுமுறுப்பும் சுயநலம் என்று முடிவுகட்டுவார் உண்டு. நான் அதிலிருந்து எடுக்கும் முடிவு வேறு. எருசலேமில் குறை சொன்னவர்கள் பந்தியில் விடுபட்டவர்கள். வடக்கன்குளத்தில் குறை சொன்னவர்கள் பந்தியில் தனி இலை கேட்டவர்கள். விடுபட்டவனின் குறையா, சலுகை இழந்தவனின் குறையா என்ற கேள்வியைப் போட்டால் பெரும்பாலான சபைச் சண்டைகள் அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். அந்தக் கேள்வியைப் போடுவதற்குக்கூட முதலில் குறையைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும்.

இந்த அளவுகோலோடு இன்றைய எரிச்சல்களைப் பார்ப்போம். முதலாவதும் மோசமானதும் சந்தா பாக்கி. பல சபைகளில் வருடச் சந்தா கட்டாத குடும்பத்தின் பெயர் பதிவேட்டில் பாக்கியோடு நிற்கிறது. யாரும் கடிதம் எழுதுவதில்லை, வீட்டுக்கு வந்து கேட்பதுமில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி ஓலை வாசிக்கக் கேட்டுப் போகும்போது, அல்லது வீட்டில் ஒரு சாவு விழுந்து கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டுப் போகும்போது, பதிவேடு திறக்கப்படுகிறது. பிரேதம் வீட்டில் கிடக்க, ஐந்து வருடப் பாக்கியைக் கட்டிவிட்டு வா என்று சொல்லப்படுகிறது. இதற்கும் ஒரு நியாயம் சொல்வார்கள்: சந்தாவில்தான் சபை ஓடுகிறது, சிலர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே சபையை நினைக்கிறார்கள், அந்த நேரத்தில் கேட்காவிட்டால் எப்போது வசூலிப்பது? அதில் பாதி உண்மை இருக்கிறது. சபைக்கு மின்கட்டணமும் உண்டு, கோயில்பிள்ளைக்குச் சம்பளமும் உண்டு. ஆனால் வசூலுக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் தேர்ந்தெடுக்கப்படுகிறதே, அதைக் கவனியுங்கள். மறுக்க முடியாத நேரம் அது. மறுக்க முடியாதவனிடம் வாங்குவதற்குக் காணிக்கை என்ற பெயர் ஒட்டாது. அதோடு, வசதியானவர் வீட்டுத் துக்கத்தில் அதே பதிவேடு திறப்பதில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியே இருக்கிறது. எருசலேம் விதவைகளின் குறைக்கு இதைவிட நெருங்கிய வாரிசு இன்று நம்மிடம் இல்லை.

அடுத்தது பெயர் வாசிப்பு. பிறந்தநாள், திருமண நாள், புது வீடு, வெளிநாட்டு வேலை என்று ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தியவர்களின் பெயரும் தொகையும் ஆராதனையில் வாசிக்கப்படுகின்றன. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற போதனையைப் பிரசங்கித்துவிட்டு, அதே பீடத்திலிருந்து இறங்குமுன் இதை வாசிக்கிற சபைகளும் உண்டு. இங்கே நான் சந்திக்க வேண்டிய மறுப்பு வலுவானது: பெயரும் தொகையும் பகிரங்கமாக வாசிப்பதுதான் பொருளாளருக்குக் கடிவாளம், வாசிக்காவிட்டால் பணம் எங்கே போயிற்று என்று எப்படித் தெரியும்? ஏட்டளவில் இது சரி. நடப்பைப் பாருங்கள். வாங்கியதை வாசிக்கிற அதே சபையில் செலவழித்ததை யாரும் வாசிப்பதில்லை. வரவு ஒலிபெருக்கியில், செலவு அலமாரியில். கணக்குக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் எண் போட்ட ரசீதும் மாதா மாதம் வரவு செலவு ஒட்டிய பலகையும் போதும். பெயர் வாசிப்பின் உண்மையான வேலை கொடுத்தவரை உயர்த்துவதும், கொடுக்க முடியாதவரைப் பின்வரிசையில் தலைகுனிய வைப்பதும்தான். எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்த இயேசு, ஏழை விதவையின் இரண்டு காசைத் தாமே பார்த்தார். பெட்டியின் பக்கத்தில் நின்று யாரும் அதை அறிவிக்கவில்லை.

தேர்தல் பற்றி அதிகம் பேசப்போவதில்லை, செய்தித்தாள் வாசிக்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும். 1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆயர்களைக் கொண்ட மரபும் சபை மக்களே முடிவெடுக்கும் மரபும் ஒன்றாக இணைந்தன. உலகமே வியந்த இணைப்பு அது. அந்த மக்களாட்சிப் பகுதி இன்று பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வழக்காகச் சுருங்கிவிட்டது. திருச்சபையின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளை உயர் நீதிமன்றம் நியமிக்கும் நிலை வந்தது. வாசலில் கேட்காமல் விட்ட குறைகள் கடைசியில் வழக்கறிஞர் கட்டணமாக, அதுவும் காணிக்கைப் பணத்திலிருந்து, கட்டப்படுகின்றன.

சுயாதீன சபைகளில் கமிட்டியே கிடையாது, ஆகையால் சண்டையும் இல்லை என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். அங்கே குறை சொல்ல முயன்றவர்களுக்குக் கிடைக்கும் பதில், கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே என்பது. நூற்றைந்தாம் சங்கீதத்தில் அந்த வார்த்தை யாரைப் பற்றியது? நிலமில்லாமல் பரதேசிகளாய்த் திரிந்த முற்பிதாக்களை ராஜாக்களின் கையிலிருந்து காப்பாற்றியது பற்றி. பலவீனரைப் பலவான்களிடமிருந்து காத்த வாக்கை, மைக் பிடித்தவர் மைக் இல்லாதவருக்கு எதிராகப் பயன்படுத்துவது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அபிஷேகம் பெற்ற தாவீதின் முகத்துக்கு நேரே நாத்தான் பேசினார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகியபோது பவுல் எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்தார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற அன்றாட விஷயத்துக்காக அப்போஸ்தலனை அப்போஸ்தலன் கண்டித்த கதை நம் வேதத்திலேயே இருக்கிறது.

இன்னொரு மறுப்பை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். சபை மக்கள் வாடிக்கையாளர்களா? ஏசி இல்லை, பார்க்கிங் இல்லை, பாட்டு பிடிக்கவில்லை என்று ஓட்டலில் குறை சொல்வதுபோல் ஆலயத்திலும் சொல்லலாமா? இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் குறை சொல்லி நிற்பதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற சிறு நூல் ஒன்றில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்: ஓர் அமைப்பு தளரும்போது அதன் உறுப்பினர் விலகலாம் அல்லது குரல் கொடுக்கலாம், விசுவாசம் உள்ளவர்தான் விலகுவதைத் தள்ளிப்போட்டுக் குரல் கொடுக்கிறார். நம் நகரங்களில் ஒரு தெருவுக்கு இரண்டு சபை இருக்கிறது. கைப்பேசியில் இன்னும் ஆயிரம். போக நினைத்தவருக்குத் தடையே இல்லை. அப்படியிருந்தும் அதே பழைய ஆலயத்துக்கு வந்து, அதே தூணோரம் உட்கார்ந்து, அதே குறையைச் சொல்கிறவரிடம் சபைமேல் உள்ள உரிமையுணர்வு பெரியது. உங்கள் சபையில் முறுமுறுப்பு திடீரென்று நின்றுபோனால் சந்தோஷப்பட வேண்டாம், வருகைப் பதிவைப் பாருங்கள்.

அதற்காக எல்லா எரிச்சலுக்கும் தீர்மானம் போட முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சுருதி தப்பிப் பாடுகிற பெரியவர், ஆராதனைக்கு நடுவில் அழும் குழந்தை, ஜெபத்தில் ஊர்ச் செய்தி எல்லாம் சொல்லும் அம்மா, இவர்களைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு உட்காருவதுதான் சபை. சக விசுவாசியின் இயல்பு தரும் எரிச்சல் வேறு, அதிகாரம் தரும் எரிச்சல் வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் பிரசங்கத்தை இரண்டாவதின்மேல் திருப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கடைசி மறுப்பு, இன்றைய சூழலில் மிகவும் கூர்மையானது. நாம் சிறுபான்மையர், வெளியே நம்மை விரும்பாதவர்கள் உண்டு, வீட்டு அழுக்கைத் தெருவில் துவைக்கலாமா என்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு சென்னை வழக்கைப் பாருங்கள். ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடத்திலிருந்து வரும் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தத்தைப் பற்றிக் குடியிருப்போர் நலச் சங்கம் குறை சொன்னது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம் என்று சபை வாதாடியது. மற்றவர் அமைதியைக் குலைத்தோ, ஒலிபெருக்கியும் மேளமும் வைத்தோதான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. பாட்டு காதை அடைக்கிறது என்று சபைக்குள் இருந்த முதியவர்கள் சொன்னபோதே பல சபைகள் அதைக் கேட்டிருக்கலாம். உள்ளே இருப்பவர் சொன்னால் ஆவிக்குரிய குறைவு, வெளியே இருப்பவர் சொன்னால் மதவெறுப்பு என்று எல்லாக் குறைக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் திருத்தம் எந்த வாசல் வழியாக வரும்? மேலும், அழுக்கு தெருவுக்கு வருவது வீட்டில் துவைக்கக் கிணறு இல்லாததால்தான்.

அதிகாரப் படிநிலை நம் எல்லாரையும்விட அதிகமுள்ள கத்தோலிக்கத் திருச்சபை தன் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 212-ஆம் விதியில், திருச்சபையின் நன்மை குறித்துத் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது இறைமக்களின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று எழுதி வைத்திருக்கிறது. 537-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு வேண்டும் என்கிறது. 1287-ஆம் விதி மக்கள் கொடுத்ததற்கு மக்களுக்கே கணக்குக் கொடுக்கச் சொல்கிறது. எழுதியதெல்லாம் அவர்கள் பங்குகளில் நடந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. எழுதப்பட்டிருப்பதால் ஒரு சாதாரண விசுவாசி அதைக் காட்டிக் கேட்க முடியும். மக்கள் உரிமையைப் பற்றி அதிகம் பேசும் சீர்திருத்தச் சபைகளில் எத்தனை சேகரங்களில் அப்படிக் காட்டிக் கேட்க ஒரு தாள் இருக்கிறது?

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்கள் கேட்கிறேன். வரப்போகும் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் சந்தா பாக்கி கேட்பதில்லை. பாக்கி இருந்தால் காலாண்டுக்கு ஒரு கடிதம் போகட்டும், கொடுக்க இயலாதவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் கமிட்டிக்கு இருக்கட்டும். காணிக்கை கொடுத்தவரின் பெயரோடு தொகையை வாசிப்பதை நிறுத்தி, மாதக் கணக்கை, செலவையும் சேர்த்து, வாசல் பலகையில் ஒட்டுங்கள். ஆலய வாசலில் பேசப்படும் குறைகளைக் கேட்டு எழுதிக் கமிட்டியில் வைக்க இரண்டு பேரை நியமியுங்கள்; அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இருவரும் இப்போதைய கமிட்டியில் இல்லாதவர்களாக இருக்கட்டும். எருசலேமில் ஏழு பேர் தேவைப்பட்டார்கள். நமக்கு இரண்டு பேரிலிருந்து தொடங்கலாம்.